ஆறுமணிக்குருவி: பெயரும் அடையாளமும்

முன்னுரை

தமிழ் இலக்கியங்களைக் கற்பாரும் கற்பிப்பாரும் பறவைப் பெயர்களை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். அப்பெயர்களுள் பலவற்றிற்கு உரைகளும் அகராதிகளும் தரும் பொருள் 'ஒருவகைப் பறவை', 'புள்வகை' என்னும் அளவில் நின்றுவிடுகின்றது. அதனை உரைகாரர்தம் குறையென்று கூறுதல் பொருந்தாது. அவர் காலத்து மாணவர் வயலிலும் தோப்பிலும் அப்பறவைகளைக் கண்டு வளர்ந்தவர்; அவர்க்குப் பெயரைச் சுட்டினாலே போதியதாயிருந்திருக்கும். இன்று நிலைமை வேறு. பெயர் ஏட்டில் உள்ளது. பறவை காட்டில் உள்ளது. இரண்டனையும் இணைத்துக் காணும் கண் நம்மிடையே அருகி வருகின்றது. இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியது ஒரு சிறு நிகழ்ச்சி.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் நசரத்பேட்டை. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐப்பசித் திங்களில், இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்த ஒரு விடியற்காலையில், அவ்வூரில் யாம் குடியிருந்த வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் ஒரு சிறு பறவை சோர்ந்து கிடந்தது. அதன் முதுகு பச்சை. தோளில் ஒளிரும் நீலம். அடிவயிறு குங்குமச் சிவப்பு. கண்ணை ஊடறுத்து அகன்றதொரு கரும்பட்டை. வால் இல்லையென்றே சொல்லலாம். காண வந்தோருள் ஒருவர் அதனை மீன்கொத்தி என்றார். மற்றொருவர், யாரோ வளர்த்த கிளியின் குஞ்சு தப்பி வந்தது என்றார். பதினைந்து ஆண்டுகளாகச் சங்கச் செய்யுட்களில் வரும் புள்ளினங்களைப் பாடஞ் சொல்லி வந்த எமக்கோ ஒரு பெயரும் வாயில் எழவில்லை.

கழனி வேலைக்குச் செல்லும் வழியில் நின்று பார்த்த முதிய அம்மையார் ஒருவர் மட்டும், "இதுவா? மழைக்காலத்துக்கு வருமே. வேலியோரமா சருகைக் கிளறிக்கிட்டிருக்கும். விடியறப்ப ரெண்டு சீழ்க்கை அடிக்கும், அப்புறம் சத்தமே இருக்காது. ஆளைக் கண்டா மறைஞ்சுக்கும்" என்றார். அதன் பெயர் யாதென வினவினோம். "பேரெல்லாம் யாருக்கு சார் தெரியும்?" என்று கூறிவிட்டு அவர் நடந்தார்.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது, அப்பறவை ஆறுமணிக்குருவி என்பதும், அதற்குரிய பெயர்களை யாம் முன்னரே பெயர்த் தொகுதிகளில் படித்துக் கடந்திருந்தோம் என்பதும் புலனாயின. அம்மையார் பறவையை அறிந்திருந்தார், பெயரை அறிந்திலர். யாம் பெயரை அறிந்திருந்தோம், பறவையை அறிந்திலேம். இவ்விரு அறிவும் கூடாதவிடத்துப் பெயர் வெற்றொலியாய் நின்றுவிடுகின்றது. ஆறுமணிக்குருவியை அடையாளங் காணும் முறையை விளக்குவதும், அதன் தமிழ்ப் பெயர்கள் அம்முறையினைத் தம்முள் சுருக்கி வைத்திருத்தலைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பெயர்களும் அவற்றின் பொருளும்

தமிழில் இப்பறவைக்கு வழங்கும் பெயர்களுள் ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன், காசுக்கட்டிப்பிள்ளை, பொன்னுத்தொட்டான் என்னும் நான்கும் குறிக்கத்தக்கன. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஆறுமணிக்குருவி என்பது அது கூவும் பொழுதால் அமைந்த பெயர். விடியலிலும் அந்தியிலும் இது தவறாது குரல் எழுப்பும். தமிழகம் நிலநடுக்கோட்டிற்கு அணித்தாக உள்ளமையால் இங்கு ஞாயிறு தோன்றும் நேரமும் மறையும் நேரமும் ஆண்டு முழுவதிலும் பெரிதும் மாறுவதில்லை. சென்னையில் ஞாயிறு எழும் நேரம் ஏறத்தாழ 5.40 மணிக்கும் 6.35 மணிக்கும் இடையில் அமையும். மறையும் நேரமும் மாலையில் ஏறத்தாழ அவ்வெல்லையுள்ளேயே அமையும். எனவே காலை ஆறு, மாலை ஆறு என இருபொழுதிற்கும் ஒரே எண் பொருந்துகின்றது. கோடையில் நள்ளிரவை ஒட்டி ஞாயிறு மறையும் வடபுல நாடுகளில் இத்தகைய பெயர் தோன்றுதல் இயலாது. மேலும், நாழிகைக் கணக்கு வழங்கிய காலத்தில் வைகறைக்கும் அந்திக்கும் 'ஆறு' என்னும் எண் உரியதாகாது. கடிகார மணிக்கணக்கு மக்கள் வழக்கிற் படிந்த பின்னரே இப்பெயர் எழுந்திருத்தல் வேண்டும். ஆகவே நான்கனுள் இது பிற்பட்டதென்று கொள்ளுதல் தகும். பழைய நூல்களில் இப்பெயர் காணப்படாமை கொண்டு, பறவையையே பண்டைத் தமிழர் அறியார் என்று முடிவு செய்தல் பொருந்தாது.

தோட்டக்கள்ளன் என்பது தமிழகத்திலும் ஈழத்திலும் வழங்கும் பெயர். கள்ளன் என்ற அளவில் இதனைத் திருட்டோடு இணைத்து நோக்குதல் வேண்டா. இப்பறவை தோட்டத்து விளைபொருள் எதனையும் கவர்வதன்று. புழுவும் பூச்சியுமே இதன் உணவு. கள் என்னும் அடிக்கு மறைத்தல், ஒளித்தல் என்னும் பொருள்கள் உண்டு. அகப்பொருள் இலக்கணத்திற் களவு என்னும் சொல் மறைந்த ஒழுக்கத்தையே குறிக்கின்றது. அவ்வாறே ஈண்டும் மறைந்தொழுகும் இயல்பே பெயர்க்காரணமாதல் கூடும். இலங்கையில் சிங்களர் இதனை அவிச்சியா என அழைப்பர். அது குரலை ஒட்டிய பெயர். தன் ஆடையை மயில் கவர்ந்து சென்றதென இப்பறவை முறையிடுவதாகவும் அவர்களிடையே ஒரு கதை உண்டு. ஒரே தீவில் ஒரு மொழியார் கள்ளன் என்றழைக்கும் பறவை, மற்றொரு மொழியார் கதையிற் பொருளைப் பறிகொடுத்ததாய் நிற்கின்றது.

காசுக்கட்டிப்பிள்ளை என்னும் பெயர் நிறம்பற்றியதாகலாம் என்பது எம் கருத்து. காசுக்கட்டி என்பது வெற்றிலையோடு சேர்த்து மெல்லும், செம்மை கலந்த பழுப்பு நிறக் கட்டி. பறவையின் உச்சந்தலையும் நெஞ்சும் அந்நிறச் சாயல் உடையன. மலையாளத்தில் இதற்குக் காவி என்னும் பெயர் வழங்குதலும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றது. பிள்ளை என்னும் ஈறு நோக்கத்தக்கது. தொல்காப்பிய மரபியல், பறப்பவற்றின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டனை வகுத்துள்ளது. பிற்காலத்தே பிள்ளை என்பது இளமைப் பொருள் நீங்கி, கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்றாற்போல் அன்பு தோன்ற நிற்கும் ஈறாயிற்று. அவ்வழக்கின் எச்சமே இப்பெயர்.

பொன்னுத்தொட்டான் என்பது, பொன்னைத் தொட்டமையால் அந்நிறம் படிந்தவன் என விரிக்கத்தக்க பெயர். இப்பெயரின் முதற்சொல்லோடு ஒப்பிடத்தக்க தெலுங்குப் பெயர் ஒன்று உண்டு; பொன்னங்கி பிட்ட என்பது அது. இதன் வரலாறு தமிழ் மாணவர் அறிய வேண்டுவதொன்று. ஆங்கிலேய இயற்கை நூலறிஞர் ஜான் ரே எழுதிய பறவை நூல், அவர் மறைந்த பின்னர் 1713-இல் இலண்டனில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. சென்னைப் பறவைகள் பற்றிய ஒரு பின்னிணைப்பு அதில் இடம்பெற்றது. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்டு பக்லி அனுப்பிய படங்களையும் செய்திகளையும் கொண்டு ஜேம்ஸ் பெட்டிவர் என்பார் அதனை ஆக்கினார். அதனுள் நம் பறவை, 'பொன்னுங்கி பிட்ட' எனத் தன் நாட்டுப் பெயரோடு படமாகியுள்ளது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்னையில் ஒருவர் வாயிற் கேட்டெழுதிய பெயர் இன்றும் தெலுங்கர் நாவில் வாழ்கின்றது.

லின்னேயசு 1766-இல் இப்பறவைக்கு அறிவியற் பெயர் இட்டபோது, இதனைக் காக்கையினத்துள் அடக்கி, 'குறுவாற் காக்கை' எனப் பொருள்படும் கோர்வசு பிராக்கியூரசு என்னும் பெயரைத் தந்தார். பிரெஞ்சு அறிஞர் வியேயோ 1816-இல் தனியினம் வகுத்து, அதற்குப் பிட்டா என்று பெயரிட்டார். பிட்ட என்பது சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். கோண்டி, கொலாமி முதலிய மொழிகளிலும் அதன் இனச்சொற்கள் உள்ளன. ஆப்பிரிக்கா முதல் ஆசுதிரேலியா வரை பரவியுள்ள, நாற்பதுக்கு மேற்பட்ட சிறப்பினங்களைக் கொண்ட ஒரு குடும்பம் முழுவதையும் உலகம் இன்று ஒரு திராவிடச் சொல்லால் அழைக்கின்றது. அவற்றுள் தமிழகத்திற் காணப்படுவது பிட்டா பிராக்கியூரா என்னும் இஃது ஒன்றே.

வடநாட்டார் இதனை நவரங் என்பர். ஒன்பது நிறம் உடையது என்பது பொருள். அது பறவையை வெளிச்சத்திற் கண்டு வைத்த பெயர். தமிழில் வழங்கும் நான்கனுள் இரண்டு நிறத்தைக் கூறுகின்றன. ஏனைய இரண்டு, பொழுதையும் மறைவையும் கூறுகின்றன. காணாது கேட்டவரும், கண்டவுடன் இழந்தவரும் இட்ட பெயர்கள் அவை. அடையாளங் காண்பார்க்குப் பின்னைய இரண்டுமே பெரிதும் பயன்படுகின்றன. அது எவ்வாறெனக் காண்போம்.

நிலமும் பொழுதும்

ஒரு பறவையை அடையாளங் காண்போர் பெரும்பாலும் நிறத்தையே முதற்கண் நாடுகின்றனர். மறைந்து வாழும் பறவைக்கு அம்முறை உதவாது. தொல்காப்பியர் பாடலுட் பயிலும் பொருள்களை முதல், கரு, உரி என வகுத்து, நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருளை முன்வைத்து, புள்ளினைக் கருப்பொருளுள் அடக்கினார். பறவையை அறிவதற்கும் அவ்வைப்புமுறை பொருந்துகின்றது. எந்நிலம், எப்பொழுது என்பனவற்றை முதலில் வரையறுத்தால், ஐயத்திற்கு இடமான பறவைகளின் தொகை பெரிதும் குறைந்துவிடும்.

ஆறுமணிக்குருவி தென்மேற்குப் பருவமழைக் காலத்தை ஒட்டிக் கூடு கட்டும். இமயமலை அடிவாரக் காடுகள், நடு இந்தியக் குன்றுகள், மேற்கு மலைத்தொடரின் பகுதிகள் ஆகியவை அது குஞ்சு பொரிக்கும் இடங்கள். தரையிலோ தாழ்ந்த கிளையிலோ சருகும் புல்லும் கொண்டு பந்து வடிவிற் கூடமைத்து, பக்கவாட்டில் வட்டவாயில் வைக்கும். நான்கு அல்லது ஐந்து முட்டைகள் இடும். பருவமழை ஓய்ந்தபின் தெற்கு நோக்கிப் புறப்பட்டுத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். சென்னைச் சுற்றுப்புறத்திற் புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் இது தெற்கே செல்லும் வழியிற் காணப்படும். சித்திரையை ஒட்டி வடக்கே மீளும். சில பறவைகள் மரஞ்செறிந்த தோட்டங்களிலேயே குளிர்காலம் முழுவதும் தங்கிவிடுவதும் உண்டு. கிண்டி தேசியப் பூங்காவும் அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டமும் இதனைக் காண்டற்கு ஏற்ற இடங்கள்.

இது வலசை செல்வது இரவில். மழையும் காற்றும் மிகுந்த இரவுகளிற் களைத்துப்போய், விளக்கொளியால் மயங்கி, வீட்டு முற்றங்களிலும் தாழ்வாரங்களிலும் வந்து விழுதல் உண்டு. நசரத்பேட்டையில் எம் வீட்டிற்கு வந்த விருந்தும் அத்தகையதே.

நிலம் என்று கூறுங்கால் காட்டின் பரப்பைக் காட்டிலும் தரையின் இயல்பே கருதத்தக்கது. மேலே நிழல், இடையே புதர், கீழே ஈரமண்ணின்மேற் படிந்த சருகு என இம்மூன்றும் கூடிய இடம் சிறிதாயினும் இப்பறவை தங்கும். மாந்தோப்பின் ஓரம், ஏரிக்கரைப் புதர், பழைய வீட்டின் கொல்லை ஆகியவை அதற்குப் போதும். வெட்டவெளியிலும் வெறுந்தரையிலும் இதனைத் தேடுதல் வீண்.

ஒலி

நிலமும் பெரும்பொழுதும் பொருந்தியபின், சிறுபொழுதில் செவியைப் பயன்படுத்துதல் வேண்டும். இருள் பிரியும் வேளையிலும் ஒளி மங்கும் வேளையிலும் இப்பறவை தாழ்ந்த கிளையிலோ தரையிலோ நிமிர்ந்து நின்று, தலையைப் பின்னே சாய்த்து, அலகை வானோக்கி உயர்த்திக் குரல் கொடுக்கும். குரல் இரண்டு சீழ்க்கைகளால் ஆனது. முன்னையது சற்றே நீண்டு மேலேறும். பின்னையது குறுகிக் கீழிறங்கும். 'வ்வீட்-ட்யூ' என எழுத்தில் ஒருவாறு காட்டலாம். ஒன்று கூவ, அண்மையில் உள்ள பிறிதொன்று விடை கூவுதலும் உண்டு. வெயில் ஏறியபின் பெரும்பாலும் ஒலி அடங்கிவிடும். மேகம் கவிந்த நாட்களிற் பகலிலும் கேட்கலாம்.

ஈண்டு ஓர் இயல்நூற் செய்தியை விளக்குதல் நலம். குருவி வரிசையைச் சார்ந்த பறவைகளை இரு பெரும் பிரிவாகப் பகுப்பர். ஒன்று பாட்டுப்பறவைகள். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்து அமைந்த ஒலியுறுப்பு அவற்றிற் பல தசைகளால் இயங்குவது. குஞ்சுகள் மூத்த பறவைகளின் பாட்டைக் கேட்டுக் கற்கும். மற்றொரு பிரிவில் அவ்வுறுப்பின் அமைப்பு எளியது. குரலும் பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. பிட்டாக்கள் இப்பின்னைய பிரிவைச் சார்ந்தவை. ஆகவே ஆறுமணிக்குருவியை நாம் பொதுவழக்கிற் பாடும் பறவை என்றாலும், நூல்வழக்கில் அது பாட்டுப்பறவை அன்று. அடையாளங் காண்பார்க்கு இதனால் ஒரு நன்மை உண்டு. கற்றுப் பாடும் பறவைகளின் பாட்டு இடந்தோறும் வேறுபடுதல் கூடும். இதன் சீழ்க்கையோ பெரிதும் மாறுவதில்லை. நாம் இட்ட பெயர் ஊர்தோறும் வேறாயினும் அது எழுப்பும் குரல் ஒன்றே. அடையாற்றில் ஒருமுறை கேட்டறிந்த செவி, நசரத்பேட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் அதனை அறிந்துகொள்ளும்.

உருவமும் இயக்கமும்

குரல் வந்த திசையில் அசையாது அமர்ந்திருந்தால் பறவை சிலபோது தானே வெளிப்படும். அப்பொழுது முதலில் நிறத்தை நோக்காது, வடிவை நோக்குக. காடையளவு உடல், பருத்த தலை, வலிய அலகு, நெடிய கால், மிகக் குறுகிய வால். அலகு நுனி முதல் வால் நுனி வரை ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் பந்து ஒன்றுக்குக் காலும் அலகும் பொருத்தினாற்போன்ற தோற்றம் அரையிருளிலும் தெளிவாகத் தெரியும். பெயரிட்ட லின்னேயசும் வாலின் குறுமையையே அடையாளமாகக் கொண்டார் என்பதை மேலே கண்டோம்.

அடுத்து நோக்கற்பாலது தலை. பழுப்பு நிற உச்சியை ஒரு கருங்கோடு நடுவே வகிர்ந்து செல்லும். கண்ணை ஊடுருவி அகன்ற கரும்பட்டை ஒன்று பிடரிவரை ஓடும். அதன்மேல் மெல்லிய வெண்கோடு. தொண்டை வெண்மை. நிழலிலும் இவ்வரிகள் மறைவதில்லை. பின்னரே நிறங்களைக் காணுதல் வேண்டும். முதுகு பச்சை, தோளிலும் வாலின் மேலடியிலும் பளபளக்கும் வெளிர்நீலம், நெஞ்சும் வயிறும் மங்கிய பொன்னிறம், அடிவயிறும் வாலின் கீழ்ப்பகுதியும் செம்மை, கால்கள் இளஞ்சிவப்பு. பறக்கும்போது கரிய சிறகில் ஒரு வெண்புள்ளி மின்னி மறையும். ஆணும் பெண்ணும் ஒத்த தோற்றத்தன. இளம்பறவைகள் நிறம் மங்கியவை.

இத்துணை நிறமுடைய பறவை மறைந்து வாழ்தல் எங்ஙனம் என ஐயம் எழலாம். செம்மை அடிவயிற்றில் உள்ளமையால் மேலிருந்து காண்பார்க்குத் தோன்றாது. முதுகின் பச்சை இலைநிழலோடு ஒன்றிவிடும். நீலமோ ஒளி பட்டாலன்றி விளங்காது. படத்தில் மட்டும் இதனைப் பார்த்தோர் காட்டில் இதனைக் காணாது திரும்புதற்கு இதுவே காரணம். படம் எல்லா நிறத்தையும் ஒருசேரக் காட்டுகின்றது. காடோ ஒரு நொடியில் ஒரு நிறத்தையே காட்டும்.

இயக்கமும் துணைசெய்யும். இது நடப்பதில்லை, தத்தித் தத்திச் செல்லும். சில தத்தல், ஒரு நிற்றல், அலகால் ஓர் இலையைப் புரட்டுதல் என அதன் செலவு அமையும். மண்புழு, பூச்சி, அவற்றின் புழுப்பருவம் ஆகியவற்றைத் தின்னும். நிற்கும்போது குட்டைவாலை மெல்ல மேலும் கீழும் அசைக்கும். அச்சுறுத்தினால் தாழப் பறந்து புதருள் மறையும். அல்லது கிளையேறி அசையாதிருக்கும். பகலெல்லாம் தரையில் உழலினும் இரவில் மரத்திலேயே அடையும்.

மயக்கந் தரும் பறவைகள்

ஆறுமணிக்குருவியோடு மயங்கத்தக்க பறவைகள் சில உள. வெண்மார்பு மீன்கொத்தியின் நீலச்சிறகும் வெண்மார்பும் மயக்கந் தரலாம். ஆயின் அதன் அலகு நீண்டு சிவந்தது. அது மின்கம்பியிலும் பட்டுப்போன கிளையிலும் வெளிப்பட அமர்வது. செந்தலைப் பூங்குருவி இதனைப் போன்றே நிழலிற் சருகு கிளறுவது, தனித்தொழுகுவது. ஆதலின் மயக்கம் மிகும். அதன் தலையும் மார்பும் கிச்சிலிப்பழ நிறம், முதுகு நீலச்சாம்பல், பச்சை அதனிடத்து இல்லை, வால் இயல்பான நீளம் உடையது. கொடிக்கால் வாலாட்டியும் குளிர்காலத்தில் மரநிழலுக்கு வரும். அது மெலிந்து நீண்டது. மார்பில் இரு கரும்பட்டைகள் உடையது. வாலைப் பக்கவாட்டில் அசைப்பது. ஆறுமணிக்குருவி மேலுங்கீழும் அசைப்பது என்னும் வேறுபாட்டை நினைவிற் கொள்க. சருகைக் கிளறும் ஒலி கேட்டுத் தவிட்டுக்குருவியோ என ஐயுறின், அது கூட்டமாய்த் திரிந்து ஓயாது ஒலிப்பது என்பதொன்றே ஐயத்தை நீக்கும்.

இற்றைநிலையும் செயற்பாலனவும்

எம் தாழ்வாரத்திற் கிடந்த பறவையை என் செய்வதென அன்று யாம் அறியேம். நீர் புகட்ட முயன்ற ஒருவரை அந்த அம்மையார் முன்னரே தடுத்திருந்தார். பின்னர்த் துளையிட்ட அட்டைப்பெட்டி ஒன்றில் பழந்துணி விரித்து அதனை வைத்து, இருண்ட அறையில் தனியே விட்டோம். சோர்ந்த வலசைப்பறவைக்கு வேண்டுவன இருளும் அமைதியுமே. நீரை வாயில் ஊற்றுதல் மூச்சடைக்கச் செய்யும். கூண்டிலிட்டு வளர்த்தலோ 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது. மாலையில் பெட்டியைக் கொல்லைப் புதரருகே திறந்தோம். பறவை இருமுறை தத்தியது, நின்றது, மறைந்தது. மறுநாள் விடியலில் அப்புதரிலிருந்து இரு சீழ்க்கை எழுந்தன. அதற்கு முன்னும் பல ஐப்பசித் திங்களில் அவ்வொலியை யாம் கேட்டிருத்தல் கூடும். பொருள் தெரியாமையால் அது செவியில் தங்கவில்லை.

ஆறுமணிக்குருவி உலகினின்று அழிந்துவரும் இனங்களுள் வைத்து எண்ணப்படுவதன்று. எனினும் நசரத்பேட்டை போன்ற ஊர்களில் அது இறங்கி இளைப்பாறும் இடங்கள் சுருங்குகின்றன. நெடுஞ்சாலையும் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையும் அவ்வூர்ப்பக்கத்தைப் பெரிதும் மாற்றிவிட்டன. கழனிகள் மனைகளாயின, முள்வேலி இருந்தவிடத்து மதில் எழுந்தது, உதிர்ந்த சருகு நாள்தோறும் கூட்டி எரிக்கப்படுகின்றது. சருகைக் குப்பையென்று கருதும் வழக்கம் வலுத்தபின், அதனையே உணவுக்களமாகக் கொண்ட பறவைக்கு அங்கு இடமில்லை. கழனி வேலை ஒழிந்தமையால், விடியலில் வேலியோரம் நடப்பாரும் ஒழிந்தனர். பறவையோடு பறவையறிவும் அவ்வூரை விட்டு நீங்குகின்றது.

இவ்வறிவைத் தொகுக்கும் பணிக்கு முன்னோடிகள் உளர். சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் என்னும் நூலில் நாட்டுப் பெயர்களையும் பதிந்தார். சங்க நூற் புள்ளினங்களை உயிரியல் நோக்கில் விளக்கினார் பி. எல். சாமி. தமிழிற் பறவைப் பெயர்களைத் திரட்டித் தந்தார் க. ரத்னம். அவர்கள் வழியில் முதுகலை மாணவர் தத்தம் ஊரளவிலேனும் செய்யத்தக்கதொன்று உண்டு. ஒரு பெயரைப் பதிவு செய்யுங்கால் பெயரோடு நின்றுவிடாது, கண்ட திங்கள், பொழுது, தரையின் இயல்பு, குரல், நின்ற நிலை, நடந்த முறை ஆகியவற்றையும், பெயர் கூறியவர்தம் ஊர், தொழில், அகவை ஆகியவற்றையும் உடன் எழுதுதல் வேண்டும். பெயர் தெரியாதென்று கூறுவாரைக் கடந்து செல்லுதல் கூடாது. பெயரன்றி மற்றெல்லாம் அவர் அறிந்திருத்தல் கூடும்.

சங்க நூல்களிற் பயிலும் பெயர் ஒன்றனை எடுத்து, அஃது இப்பறவையே என இக்கட்டுரையில் யாம் கூற முற்படவில்லை. நிலம், பொழுது, ஒலி, வடிவு, இயக்கம் ஆகிய ஐந்தும் ஒரு செய்யுளில் ஒருங்கே பொருந்தினாலன்றி அவ்வாறு கூறுதல் முறையாகாது. நிறம் ஒன்று ஒத்தமை கொண்டு பெயரேற்றுவது, 'ஒருவகைப் பறவை' எனக் கூறி அமைவதினும் தீது. முன்னது பிழையைத் தருவது, பின்னது வெற்றிடத்தை மட்டுமே விடுவது.

முடிவுரை

மறைந்துவாழும் சிறுபறவையை அடையாளங் காண நிறம் இறுதியிலும் நிலமும் பொழுதும் முதலிலும் வருதல் வேண்டும் என்பதும், இடையே ஒலியும் வடிவும் துணைநிற்கும் என்பதும், இவ்வரிசை தொல்காப்பிய வைப்புமுறையோடு ஒத்துச் செல்கின்றது என்பதும் மேலே காட்டப்பட்டன. ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்னும் பெயர்கள் பொழுதையும் இடத்தையும் மறைவையும் ஒரு சொல்லில் அடக்கி வைத்த அடையாளக் குறிப்புகள். அகராதியில் இவற்றுக்கு எதிரே 'ஒருவகைப் பறவை' என எழுதுதல், பெயர் தானே கூறும் பொருளையும் மறைப்பதாகும்.

அம்மையாரின் கூற்றை யாம் அன்றே குறித்து வைத்தோம். மழைக்காலம், வேலியோரம், சருகு, விடியல், இரு சீழ்க்கை, ஆள் கண்டு மறைதல் என ஆறு குறிப்புகள் அதில் உள்ளன. இப்பறவைக்கு அகராதி எழுதுவார்க்கு அதனினும் செறிந்த விளக்கம் கிடைத்தல் அரிது. அதற்குரிய பெயரை அவரிடம் சேர்ப்பிப்பதும், அவர் தந்த விளக்கத்தைப் பெயரோடு சேர்ப்பிப்பதும் தமிழ் பயில்வார் கடன் என்பது எம் துணிபு.